மருந்தறையும் அழுத்த அறையும்: ஆறாத புண்ணின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு முதல் பொருள் ஆஸ்பத்திரி மருந்து அல்ல. மருந்து கலக்குறது, மருந்து செலுத்துறது, மருந்தறை, மணிமருந்து என்று அன்றாடப் பேச்சில் புழங்குவதெல்லாம் வெடிமருந்துதான். நோய்க்குச் சாப்பிடுவதை மாத்திரை என்று பிரித்துச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது ஓர் அட்டையை வாசித்தபோதுதான். சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாதவர்களுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை தரும் ஒரு பெருநகரத் தனியார் மருத்துவமனையில், அறைக்குள் போகிறவர்கள் என்னென்ன செய்யக் கூடாது என்று எழுதி மாட்டியிருந்தார்கள். பருத்தித் துணி மட்டுமே உடுத்தலாம், நைலான் பாலியஸ்டர் கூடாது. தலையில் எண்ணெய் கூடாது. தீப்பெட்டி, லைட்டர், செல்போன் கூடாது. செருப்பை வெளியே விட வேண்டும். சிகிச்சைக்கு வந்திருந்தவர் என் சித்தி. பட்டாசு ஆலையில் 20 வருசத்துக்கு மேல் மருந்து செலுத்தியவர். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "இது நம்ம மருந்தறைச் சட்டமாச்சேப்பா" என்றார்.

சித்தி சொன்னதை ஒரு கெட்டிக்காரத்தனமான ஒப்புமையாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட முடியாது. அது வேதியியல் உண்மை. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் வரலாற்று உண்மையும்கூட. அந்த வரலாற்றின் வழியே போய், ஆறாத புண்ணை ஆற்றுவதற்கு உண்மையில் எது தேவைப்படுகிறது, அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று கேட்பதே இக்கட்டுரையின் வேலை.

1

எரிய வேண்டுமானால் ஆக்சிஜன் வேண்டும். தாளைச் சுற்றி இறுக்கிய வெடிக்குள் காற்றுக்கு இடமில்லை. ஆகவே ஆக்சிஜனை உப்பாகக் கட்டி உள்ளே வைக்கிறார்கள். நம் வைத்தியச் சுவடிகளில் வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் அந்த வேலையைத்தான் செய்கிறது. குளோரேட்டும் அதே வேலைதான், ஆனால் கந்தகத்தோடு சேர்ந்தால் உரசினாலே வெடிக்கும். அதனால் 1992இல் மத்திய அரசு அந்தக் கலவையைத் தடைசெய்தது. பேரியம் நைட்ரேட்டை 2018இல் உச்சநீதிமன்றம் தடைசெய்தது. கந்தகமும் அலுமினியப் பொடியும் எரிபொருள். உப்பு அதற்கு மூச்சு.

ஆக்சிஜன் என்ற பொருள் அறிவியலின் பார்வைக்கு வந்ததே வெடிமருந்தின் வழியாகத்தான் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. இங்கிலாந்தில் ஜான் மேயோ என்ற மருத்துவர் 1674இல், வெடியுப்பை எரியச் செய்கிற அதே நுண்பொருள்தான் காற்றிலும் இருக்கிறது, அதைத்தான் நாம் சுவாசிக்கிறோம் என்று எழுதினார். ஆக்சிஜனுக்குப் பெயர் வைக்க இன்னும் 100 வருசத்துக்கு மேல் இருந்தது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால் நதானியேல் ஹென்ஷா என்ற இன்னொரு மருத்துவர், துருத்தியால் காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மூடிய அறை ஒன்றுக்குள் நோயாளியை உட்கார வைத்துக் குணப்படுத்தலாம் என்று திட்டம் போட்டார். 1664இல் வந்தது அவர் புத்தகம். இன்றைய அழுத்த அறையின் வம்சாவளியை எழுதுகிற எல்லோரும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அவருடைய அண்ணன் தாமஸ் ஹென்ஷாவை மட்டும் விட்டுவிடுகிறார்கள். லண்டன் ராயல் சொசைட்டிக்காக வெடியுப்பும் வெடிமருந்தும் தயாரிக்கும் முறைகளை விவரித்து எழுதியவர் அவர்; 1667இல் அச்சேறியது. ஒரே வீட்டில் ஒருவர் மருந்தறை, ஒருவர் அழுத்த அறை. ஐரோப்பியப் பீரங்கிகளுக்கான வெடியுப்பில் பெரும்பங்கு பின்னாளில் நம் பீகாரிலிருந்துதான் போனது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆக்சிஜனுக்குப் பெயரிட்ட லவாய்சியே 1775 முதல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் பொறுப்பில் இருந்தவர். அவருடைய ஆய்வுக்கூடம் இருந்ததே ஆயுதக்கிடங்கு வளாகத்தில்தான்.

அவர் வைத்த பெயருக்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். அது தவறான கணிப்பு, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. தமிழில் பிராணவாயு என்றார்கள், பிறகு உயிர்வளி என்றார்கள். வடமொழிக்காரர்களும் தனித்தமிழ்க்காரர்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போன அபூர்வ இடங்களில் இது ஒன்று. இரண்டு பெயரும் அதற்குள் உயிரை மட்டுமே பார்க்கின்றன. 2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன் தயாரிக்கிறோம் என்று சொல்லித் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் கதவு திறந்ததை நினைத்துப் பாருங்கள். 13 பேரைச் சுட்டுக்கொன்று 3 வருசம் ஆகியிருந்தது. உயிர்வளி என்ற சொல் செய்கிற அரசியலுக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

2

அழுத்த அறையின் பிந்தைய வரலாறு மருத்துவமனையில் தொடங்கவில்லை, பாலம் கட்டும் இடத்தில் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்கடியில் தூண் இறக்கும்போது தண்ணீர் புகாமலிருக்க அழுத்தக் காற்றை அடைத்த பெட்டிகளுக்குள் கூலியாட்கள் இறங்கித் தோண்டினார்கள். வெளியே வந்ததும் மூட்டு முறுக்கிக்கொண்டது, கைகால் விழுந்தது, சிலர் செத்தும் போனார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பாலமும் புரூக்ளின் பாலமும் அப்படிக் கட்டப்பட்டவை. அழுத்தத்தில் உடம்பு என்ன ஆகும் என்ற அறிவில் ஒரு பெரும்பகுதி இந்தக் கூலியாட்களின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. 1878இல் பால் பெர், அழுத்தம் கூடிய ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் நஞ்சும்கூட என்று காட்டினார்.

இதற்குப் பிறகு வருவது ஒரு வியாபாரக் கதை. அமெரிக்க மருத்துவர் ஆர்வில் கன்னிங்ஹாம், 1918 காய்ச்சலின்போது அழுத்தக் காற்றால் சிலரைப் பிழைக்கவைத்ததாகச் சொல்லிப் பெயர் வாங்கினார். ஒரு பணக்காரத் தொழிலதிபரின் பணத்தில் 1928இல் கிளீவ்லாண்டில் 64 அடி விட்டத்தில் இரும்பு உருண்டை ஒன்றைக் கட்டினார். 5 மாடி, ஓட்டல்போல அறைகள். உள்ளே நோயாளிகள் நாள்கணக்கில் தங்கினார்கள். எந்தெந்த நோய்க்கு? சிபிலிஸ், புற்றுநோய், சர்க்கரை. இவையெல்லாம் காற்றில்லாமல் வாழும் கிருமிகளால் வருகின்றன என்பது அவர் கோட்பாடு. ஆதாரம் காட்டச் சொல்லி அமெரிக்க மருத்துவச் சங்கம் கேட்டது, அவர் காட்டவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது உருண்டையை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சர்க்கரை நோயும் அழுத்த அறையும் முதன்முதலில் பெரிய அளவில் சந்தித்த இடம் இதுதான் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

உருப்படியான அறிவியல் 1950களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் வருகிறது. இட்டே போரெமா என்ற அறுவை மருத்துவர் 1960இல், சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுக்க நீக்கிய பன்றிகளை 3 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து உயிரோடு வைத்துக் காட்டினார். சாதாரணமாக நம் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் 100 மில்லிக்கு 0.3 மில்லி ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும், மிச்சமெல்லாம் ஹீமோகுளோபின் சுமப்பது. 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் கரைவது 6 மில்லி அளவுக்கு ஏறுகிறது. படுத்திருக்கும் உடம்புக்கு அதுவே போதும். ரத்தக்குழாய் சுருங்கி, சிவப்பணு போய்ச்சேராத புண்ணின் ஓரத்துக்கும் இப்படிக் கரைந்த ஆக்சிஜன் கசிந்து போகும், கிருமியைக் கொல்லும் வெள்ளணுவுக்கு வலு வரும், புது நுண்குழாய்கள் முளைக்கும் என்பது சர்க்கரைப் புண்ணுக்கு இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்ததன் நியாயம். நியாயம் தப்பில்லை. 2 முதல் 2.5 மடங்கு அழுத்தம், ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 30 முதல் 40 முறை. இந்தியாவில் இந்த அறைகள் முக்குளிப்பவர்களுக்காகக் கடற்படையிடம் இருந்தன. மும்பையின் அஸ்வினி கடற்படை மருத்துவமனை அதற்குப் பேர்போனது. தனியார் மருத்துவமனைகள் பின்னால் வந்து சேர்ந்தன.

தீ விபத்துக்கு வருவோம். 1923 முதல் 1996 வரை உலகம் முழுக்க அழுத்த அறைகளில் நடந்த 35 தீ விபத்துகளில் 77 பேர் செத்ததாக ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. 1997 அக்டோபர் கடைசி நாளில் இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 11 பேர் உள்ளேயே வெந்தார்கள். ஒரு நோயாளி குளிருக்காகக் கைக்குள் கொண்டுபோன சூடேற்றிதான் காரணம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் 5 வயதுப் பையன் ஒருவன். அட்டையில் எழுதியிருந்ததன் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். மருந்தறைச் சட்டத்தின் பின்னால் இருப்பவர்களை எண்ணினால் இதைவிட நீளும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் மட்டும் 40 பேருக்கு நெருக்கம்.

3

சரி, புண் ஆறுகிறதா? இதை ஆம், இல்லை என்று ஒரு வரியில் சொல்ல முடியாது.

ஸ்வீடனில் 94 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வு நேர்த்தியானது. இரண்டு கூட்டத்தாரையும் அறைக்குள் அனுப்பினார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆக்சிஜன், இன்னொன்றுக்குச் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியிருந்தது. இதைத்தான் விளம்பரங்கள் சொல்கின்றன. 2013இல் அமெரிக்காவில் 6259 நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வு, அழுத்த அறைக்குப் போனவர்கள் காலை இழப்பது குறையவில்லை என்றது. 2016இல் கனடா ஆய்வும் கால் எடுக்க வேண்டிய நிலையைத் தவிர்ப்பதில் வித்தியாசம் இல்லை என்றது. 2018இல் நெதர்லாந்தில் 120 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவும் உறுதியாக ஆதரவு தரவில்லை. ஆனால் அந்த ஆய்வில் வேறொரு எண் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். அறைக்கு அனுப்பப்பட்ட 60 பேரில் முழுச் சிகிச்சையையும் முடித்தவர்கள் 39 பேர். சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்கிற, பஸ்ஸும் ரயிலும் நேரத்துக்கு வருகிற நெதர்லாந்தில் மூன்றில் ஒருவரால் 30, 40 நாள் வர முடியவில்லை.

சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல் குழு 2023இல் சொல்லியிருப்பது இதுதான்: ரத்த ஓட்டம் குறைந்த புண்ணில், வழக்கமான கவனிப்பு பலிக்காதபோது, வசதி இருக்கும் இடத்தில், கூடுதலாக இதை யோசிக்கலாம். ஒவ்வொரு கமாவிலும் ஒரு நிபந்தனை. இதில் நாம் நிறுத்திப் படிக்க வேண்டியது 'வழக்கமான கவனிப்பு' என்ற தொடர். மேலே சொன்ன ஆய்வுகளிலெல்லாம் ஆக்சிஜன் கிடைக்காத கூட்டத்துக்கும் அது கிடைத்தது: புண்ணைச் சுத்தம் செய்வது, கிருமிக்கு மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்தக்குழாயைச் சோதிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புண்ணின்மேல் உடம்பின் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது. இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் மண்ணின் வரலாறு.

4

ஃபூக்கோ தன் பைத்தியத்தின் வரலாற்றை மேற்கில் தொழுநோய் மறைந்துபோன கணத்திலிருந்து தொடங்குகிறார். காலியான தொழுநோய் விடுதிகளுக்குள் பிறகு யார் யாரை அடைத்தார்கள் என்பது அவர் கதை. இங்கே அந்த விடுதிகள் காலியாகவில்லை. செங்கல்பட்டிலும் வேலூரிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுவிலும் அவை நிரம்பித்தான் இருந்தன. ஃபூக்கோவை இங்கே கொண்டுவந்து பேசுகிறவர்கள் (நானும்தான்) இந்த வேறுபாட்டைப் போதுமான அளவு யோசித்ததில்லை. ஒதுக்கிவைத்த உடம்புகளிலிருந்து இங்கே ஓர் அறிவு பிறந்தது. அது உலகம் முழுக்கப் போனது, நமக்குத்தான் திரும்பி வரவில்லை.

தொழுநோயாளியின் உள்ளங்காலில் புண் வருவது சதை அழுகும் நோயால் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1930களில் இந்தியாவில் ஜோசப் கான் என்ற மருத்துவரும் இலங்கையில் மில்ராய் பாலும், புண்ணோடு சேர்த்துக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நோயாளியை நடமாடவிட்டு, புண் ஆறுவதைக் காட்டினார்கள். மருந்து எதுவும் இல்லை. பாரத்தைப் பாதத்தின் ஓரிடத்தில் குவியவிடாமல் கால் முழுக்கப் பரப்பிவிடுவதுதான் அதில் நடந்தது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இதன் தத்துவத்தையே மாற்றி எழுதினார். தொழுநோயாளியின் சதையில் குறையில்லை. நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் நாமெல்லாம் தானாகச் செய்கிற காரியத்தை, நொண்டுவதை, காலை மாற்றி ஊன்றுவதை, உட்கார்ந்துவிடுவதை அவர்கள் செய்வதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் மிதமான அழுத்தம் உள்ளே சதையைக் கூழாக்கிவிடுகிறது. வேலூரிலும் பிறகு கரிகிரியிலும் நுண்துளை ரப்பரில், எம்.சி.ஆர். என்று இன்றைக்கும் சொல்லப்படுகிற செருப்பை உருவாக்கினார்கள். ஆணி அடிக்காத செருப்பு. தைப்பதும் ஒட்டுவதும் மட்டும்தான், ஆணி குத்தினால் அந்தக் காலுக்குத் தெரியாது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் காலிலும் தான் வேலூரில் பார்த்த அதே புண் இருப்பதைக் கண்டார். அதே மரத்துப்போன பாதம், அதே இடத்தில் குழி. மாவுக்கட்டும் செருப்பும் அங்கே சர்க்கரை நோய்க்கு மாறின. இன்று உலக வழிகாட்டுதல்கள் உள்ளங்கால் சர்க்கரைப் புண்ணுக்கு முதல் தேர்வாகச் சொல்வது, முழங்கால்வரை போட்டு நோயாளியால் கழற்ற முடியாதபடி கட்டுகிற இந்தக் கட்டைத்தான். அழுத்த அறையைப்போல 'யோசிக்கலாம்' என்று இல்லை, அழுத்தமான பரிந்துரை. சாந்தும் துணியும் கட்டத் தெரிந்த ஆளும் இருந்தால் போதும். ஆனால் இதற்கு யாரும் பஸ் ஸ்டாண்டில் தட்டி வைப்பதில்லை. இது தீண்டத்தகாத நோயின் வைத்தியம், விலையும் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒரு வைத்தியம் விளம்பரத்திலிருந்து மறைந்துபோவதில் வியப்பில்லை.

5

இனி கரிசல் காட்டுக்கு. 1990களில் சிவகாசி என்றால் இரண்டு படிமங்கள்தான்: தீ விபத்து, குழந்தைத் தொழிலாளர். 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் குழந்தைகளைப் பற்றித்தான். நம் சிறுபத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. அன்று விடியற்காலையில் ஆலைவண்டி ஏறிய 10 வயதுப் பிள்ளைக்கு இப்போது 40 வயது. அந்தப் பிள்ளைகள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாரும் பின்தொடரவில்லை. 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், கருவிலும் சிசுப்பருவத்திலும் பட்டினி கிடந்த உடம்பு பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கு எளிதில் ஆளாகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். புனேயில் யாஜ்னிக் குழுவினரின் ஆய்வுகள் அதை இந்தியச் சூழலில் வலுப்படுத்தின. சர்க்கரை 'பணக்கார வியாதி' என்ற பேச்சு இனி எடுபடாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. வானம் பார்த்த பூமியில் கம்பும் கேப்பையும் போய், ரேசன் அரிசி வந்து, உட்கார்ந்தபடி 9 மணி நேரம் திரி சுற்றும் உடம்புகள் இந்தக் கணக்குக்குள் அடக்கம்.

கால் விஷயத்துக்கு வாருங்கள். இரும்பாணி அடித்த செருப்போடு வெடிமருந்துக் கட்டடத்துக்குள் போகக் கூடாது என்பது விதி, பொறி கிளம்பிவிடும். நடைமுறையில் செருப்பே வாசலோடு சரி. உள்ளே வெறுங்கால். வெளியே கரிசல் மண், சீமைக் கருவேல முள், மே மாதத்தில் கொதிக்கும் சிமெண்டுத் தளம். நல்ல காலுக்கு இது பிரச்சினையே இல்லை. மதமதப்பு வந்த காலுக்கு, ஏறின முள்ளு ஏறினபடியே இருக்கும். "மசங்கலுக்கப்புறம் காலக் கழுவும்போதுதான் ரத்தத்தப் பாத்தேன்" என்பது நான் பலரிடம் கேட்ட வாசகம். அப்புறம் மஞ்சளும் வேப்பெண்ணெயும், அப்புறம் தெருமுனை ஊசி, அப்புறம் "விரல எடுத்துட்டாக", அப்புறம் "கால எடுத்துட்டாக". நம் நாட்டில் இந்தப் புண்கள் பெரும்பாலும் உணர்விழப்பும் கிருமித் தொற்றும் சேர்ந்தவை. ரத்தக்குழாய் அடைப்பை முன்னிட்டே அதிகம் பரிந்துரைக்கப்படும் ஆக்சிஜன் இந்தக் காலுக்கு முதல் தேவை ஆகாது. முதல் தேவை அது மண்ணில் ஊன்றாமல் இருப்பது.

ஊன்றாமல் இருப்பதென்றால் வேலைக்குப் போகாமல் இருப்பது. பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவருக்கு 2, 3 மாதம் அப்படி இருக்க முடியுமா? என் சித்திக்கு 30 முறை வரச் சொன்னார்கள். ஒரு முறைக்கு ஆகும் செலவு அவருடைய பல நாள் கூலி. 4 நாள் போனார். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள், மகள் கல்லூரியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள், சித்தி வீட்டில் இருந்தார், புண் ஆறியது. ஆற்றியது எது என்று கேட்டால் மகளின் கூலி என்றுதான் நான் சொல்வேன்.

இதை யாரும் யோசிக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டத்தால் வந்த திட்டத்தில், நோயில் கிடக்கும் தொழிலாளிக்கு வருசத்தில் 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். நீண்டநாள் நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியல் தனியே உண்டு. அவற்றுக்கு 80 விழுக்காடு, 2 வருசம்வரை நீட்டிக்கலாம். அந்தப் பட்டியலில் தொழுநோய் இருக்கிறது. சர்க்கரையால் வந்த பாதப் புண்ணும் இருக்கிறது. பிராண்ட் சேர்த்துவைத்த இரண்டு கால்களும் அரசாங்கத்தின் ஒரே தாளில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் இருக்கிறது. 1948 சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அடிப்படை ஏற்பாடு அதேதான்.

ஆனால் நீட்டித்த உதவிக்கு 2 வருசம் தொடர்ந்து பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும். இங்கேதான் சிவகாசியின் உண்மையான தொழில்நுட்பம் வருகிறது. உரிமம் ஒருவர் பேரில், அறைகள் உள்குத்தகையாகப் பலர் கையில். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூருக்குப் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் செத்தபிறகு இது ஊரறியப் பேசப்பட்டது. உள்குத்தகைக்காரரிடம் பதிவேடு ஏது? வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவர், திரி கட்டுகிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். பேர் உள்ளவர்களையும் தீபாவளி முடிந்து நிறுத்தி, பிறகு புதுசாகச் சேர்த்தால் 'தொடர்ச்சி' அறுந்துபோகும். விபத்து நடந்தால் பத்திரிகை வரும், நிவாரணம் அறிவிப்பார்கள். மரத்துப்போன காலில் மெதுவாக நடக்கிற விபத்துக்கு எந்த வட்டாட்சியரும் ஓடிவருவதில்லை. செத்தவர்களைக் கணக்கெடுக்கும் சங்கங்கள்கூட, உள்ளே இருந்த எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனை வருசம் தொடர்ச்சியாக இருந்தது என்று கேட்பதில்லை.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் கால் பரிசோதனைத் திட்டமும் அறிவித்தது. நண்பர்கள் சிலர் விருதுநகருக்கும் அழுத்த அறை கேட்டு மனுக் கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. வரும் பட்சத்தில் பணக்காரருக்கு மட்டும் என்றில்லாமல் வரட்டும். ஆனால் மனுவின் முதல் வரியாக அதை எழுத என்னால் முடியாது. மாவுக்கட்டுப் போடத் தெரிந்த ஆட்கள், கட்டுப் போட்ட 3 மாதத்துக்குக் கூலி, பதிவேட்டில் அறுபடாத பெயர் என்று எழுதிக்கொண்டு வந்தால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரும்.

செருப்பு அதற்கும் முன்னால் வரும். கரிகிரிச் செருப்பில் ஆணி இல்லை, வெடிபொருள் விதியும் ஆணிதான் கூடாது என்கிறது. இரண்டு விதியும் இதுவரை ஒத்துப்போகின்றன. தடங்கல் வேறிடத்தில். சாதாரண ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, நடக்க நடக்க உடம்பில் நிலைமின்சாரம் சேரும், மருந்தறையில் ஒரு பொறி போதும். வெறுங்காலுக்கு இருக்கும் ஒரே நன்மை அந்த மின்சாரம் தரைக்கு இறங்கிவிடுவதுதான். இதற்கும் வழி உண்டு. கரி கலந்து மின்சாரத்தைக் கடத்தும் ரப்பர் அடிப்பாகம் வைத்த காலணியை வெளிநாட்டு வெடிபொருள் ஆலைகளில் நெடுங்காலமாகப் போடுகிறார்கள். மேலே நுண்துளை ரப்பர், கீழே கடத்தும் ரப்பர், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு கடத்துப் பட்டை என்று ஒரு செருப்பைச் செய்து பார்ப்பது ரப்பர் தொழில்நுட்பம் படித்தவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது. போனஸ், கூலி உயர்வு, விபத்து நிவாரணம் என்று போகும் நம் சங்கங்களின் கோரிக்கைத் துண்டறிக்கைகளை 15 வருசமாகச் சேர்த்துவைத்திருக்கிறேன். அதில் செருப்பு இன்னும் வரவில்லை.